எங்கள் வீட்டில் இருந்த அந்தப் பட்டதாரி யார்?

"விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: குடும்பத்தில் ஏற்கெனவே பட்டதாரி உள்ளார்."

நேற்றுக் காலை இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் எனக்குச் சொன்ன சேதி இது!

எங்கள் குடும்பத்திலா? பட்டதாரியா? யாருங்க அது, எனக்கே அறிமுகப்படுத்தி வையுங்கள்!

நான் பத்தாவது. லோடு லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் எட்டாவது. மாமனார் ஐந்தாவது. மாமியார் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை (போயிருந்தால் எங்களையெல்லாம் மேய்த்திருப்பார்).

மூத்த மகள் காவ்யாதான் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகப்போகிறாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கவுன்சிலிங் இணையதளத்தில் ஏற்றக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நேற்று புதன்.

சலுகை இல்லையென்றால் இன்ஜினியரிங் இல்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். காவ்யாவுக்கும் தெரியும். அதுதான் எனக்கு வலித்தது.

இ-சேவை மையத்துப் பெண் சொன்னாள்: "அக்கா, இதுல பதில் சொல்ற எடமே இல்லக்கா. புதுசாத்தேன் போடணும்."

"யாரு விசாரிச்சாக, என்ன கேட்டாகன்னு போட்டிருக்கா பாரும்மா."

"இல்லக்கா. காரணம் மட்டுந்தேன் போட்டிருக்கு."

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் முடிந்து ஒரு குரல் வந்தது: "சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும்."

சரி என்று பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இன்னும் நிறையச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது!)

கவுண்ட்டரில் இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "ஆன்லைன்ல போட்டீகள்ல? ஆன்லைன்லயே பாருங்க."

ஆன்லைன் அலுவலகத்தைக் காட்டுகிறது. அலுவலகம் ஆன்லைனைக் காட்டுகிறது. நடுவில் நான், கையில் மஞ்சப்பையோடு.

சத்தம் போடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் விஏஓ மூன்று ஊரைச் சேர்த்துப் பார்க்கிறவர். புதன்கிழமை எப்படியும் இங்கே வருவார்.

பன்னிரண்டு மணிக்கு வந்தார். பிரிண்ட் எடுத்த தாளைக் காட்டினேன்.

"ஆமாம்மா, நாந்தேன் போன்ல விசாரிச்சேன். அப்ளிகேஷன்ல இருந்த நம்பர்ல பெரியவர் ஒருத்தர் எடுத்தாரு. வீட்டுல பட்டதாரி இருக்காகளான்னு கேட்டேன். 'நாந்தேன் பட்டதாரி, நாப்பது வருசமா'ன்னு தெளிவாச் சொன்னாரே!"

எனக்குச் சட்டென்று உறைத்தது.

விண்ணப்பம் போட்டபோது என் போன் ரிப்பேர் என்பதால் மாமனார் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். போன வாரம் சாப்பிடும்போது மாமனார் சொன்னார்: "ஆபீஸ்ல இருந்து போனு. நம்ம பட்டா பத்திக் கேட்டாக. எல்லாஞ் சரியாச் சொல்லிட்டேன்." நான் பாட்டுக்குக் குழம்பை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

"சார், எந்தக் காலேஜுன்னு கேட்டீகளா?"

"இல்லையே..."

"அவுக அஞ்சாப்பு சார். அவுக சொன்னது பட்டாதாரரு! நாலு ஏக்கர் கரிசக்காட்டுக்கு!"

விஏஓ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கவுண்ட்டர்காரர் அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் விஏஓ சொன்னார்: "சரிம்மா, புதுசா ஒண்ணு போட்டுருங்க."

"தப்பாக் கேட்டது நீங்க. மறுபடி வரிசையில கடைசியா நிக்கிறது எம்மகளா சார்?"

"நிராகரிச்சதைத் திரும்ப எடுக்க எங்களுக்கும் அதுல பட்டன் இல்லம்மா. சத்தியமா."

பொய் சொல்லுகிற முகம் இல்லை. அவர் மேல் பாதிக் கோபம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி, அந்தப் பட்டன் இல்லாமல் இதைச் செய்தவர்கள் மேல் இருக்கிறது.

"போடுறேன் சார். ஆனா முதல்ல நடந்த தப்பு யாரோடதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அதையும் சேத்துத்தேன் ஏத்துவேன்."

பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார்: 'தொலைபேசி விசாரணையில் பதில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது.' கையெழுத்தும் போட்டார். அவருக்கு அது லேசான காரியம் இல்லை. அதற்காக அவருக்கு இங்கேயே என் நன்றி.

இனி மறுபடி விசாரணை வேண்டுமே! அங்கேயே ஸ்பீக்கரில் மாமனாருக்குப் போன் போட்டார். முதலில் நான் பேசினேன்.

"மாமா, அன்னைக்கு அவுக கேட்டது பட்டா இல்ல. காலேஜு படிச்சவுக இருக்காகளான்னு. அதுல காவ்யாவோட அப்ளிகேஷன் நின்னுபோச்சு."

மாமனார் மெதுவாக, "பிள்ளைக்கு வரவேண்டியதை நானே தட்டிவிட்டுட்டனா?" என்றார்.

"நீங்க இல்ல மாமா. கேட்டவுக சரியாக் கேக்கல" என்று சத்தமாகவே சொன்னேன். விஏஓ தலையை ஆட்டினார்.

பிறகு விஏஓ முறைப்படி கேட்டார்: "ஐயா, உங்க வீட்டுல காலேஜுல படிச்சுப் பட்டம் வாங்குனவுக யாரும் இருக்காகளா?"

அந்தத் தாளோடு நேற்றே இ-சேவை மையத்தில் புது விண்ணப்பம் போட்டேன்; இன்று மத்தியானம் சான்றிதழ் வந்துவிட்டது. ஒரு நாளில்! (முடியும் என்றால் முதலிலேயே ஏன் முடியவில்லை?) ஏற்றியாகிவிட்டது.

உங்களுக்கும் ஒற்றை வரியில் நிராகரித்தார்களா? யார், என்ன கேட்டார்கள் என்று தெரிந்ததா? கமெண்ட்டில் சொல்லுங்கள்.

ஆங், மாமனார் சொன்ன பதிலைச் சொல்லவில்லையே!

"நெலத்துக்கு நாந்தேன் சார். படிப்புக்கு இதுவரைக்கும் யாரும் இல்ல. இனிமேத்தேன் ஒருத்தி வாரா. எழுதிக்கோங்க."