மாமா சொன்ன 'ஏலாது'

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டில் அறைகளைச் சூடாக்க ஆறு ரேடியேட்டர்கள். இன்று காலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், இரண்டுதான் சுடுகின்றன. மகனிடம் சொன்னால், "பாப்பம் அப்பா" என்கிறான். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு மாமாவின் ஞாபகம் வரும்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கவுன்சில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, கவுன்சிலின் வேலைத்தலத்திலிருந்து போய்ப் பைப் வேலை செய்தவர். ஒழுகும் குழாயின் முன்னால் குந்தியிருந்து பார்ப்பார். பிறகு 'ஏலும்' என்பார், திருத்துவார். 'ஏலாது' என்றால், போய்ப் புதுக் குழாய் கொண்டுவந்து பூட்டுவார். மூன்றாவது சொல் அவரிடம் இல்லை. அதனால்தான் வேலைத்தலத்து ஆட்கள் அவரைச் சங்கத் தலைவராக்கினார்கள். பிறகு வீடுவீடாக ஏறி இறங்கிக் கவுன்சிலரும் ஆக்கினார்கள். அதே வேலைத்தலத்தில் ஸ்டோர் பார்த்த அப்பாவும் மழையில் நனைந்து நோட்டீஸ் கொடுத்தார்.

கோட் போட்ட மாமாவிடம் மூன்றாவது சொல் வந்து சேர்ந்தது. சுவரில் பூஞ்சணம் என்று வந்தவர்களுக்கு 'பாப்பம்'. வேலைத்தலத்தை மூடித் தனியாரிடம் கொடுக்கப் போகிறார்களாம் என்று கேட்ட அப்பாவுக்கும் 'பாப்பம்'. அப்போது எனக்கு ஒன்பது வயது. 'பாப்பம்' என்றால் பார்ப்பார் என்றே நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தேடி வந்த வேறொரு வேலையை வேண்டாம் என்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"என்ன கவுன்சிலர், எங்கட வேலை தப்புமோ?" அப்பா சிரித்தபடிதான் கேட்டார்.

மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ ஒழுகுவதுபோல.

"ஏலாது மச்சான். மூடுறதுக்கு நானும் கை தூக்கிப்போட்டன்."

"நீயுமோ?"

"தூக்காட்டிக் கட்சியில இருக்க ஏலாது எண்டவங்கள்."

"அப்ப நாங்கள் இருக்க ஏலுமோ?"

நான் குசினிக்கு ஓடினேன். "அம்மா, மாமா பழையபடி கதைக்கிறார். ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்."

தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மாமா வாசற்கதவைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. மூன்று கோப்பைகளும் அப்படியே ஆறின.

அதன்பிறகு அப்பாவுக்கு நிலையான வேலை அமையவில்லை. அடுத்த தேர்தலில் மாமாவுக்காக ஒருவரும் படியேறவில்லை. திரும்பிப் போக அவருக்கும் வேலைத்தலம் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை.

அன்று மாலை முழுவதும் நான் ஜன்னலில் நின்றேன். ஏலாது என்று சொல்லிவிட்டாரே, இனிப் புதுக் குழாயோடு வருவார் என்று.