கார்டுக்கு என்ன வேகம்?

போன வாரம் தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் என் பழைய கேமராவுக்கு மெமரி கார்டு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப யாருங்க மேடம் கேமராவுக்குக் கார்டு வாங்கறாங்க?" என்றபடியே எங்கிருந்தோ ஒன்றைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார். "அறுவத்தி நாலு ஜிபி. ஆயுசுக்கும் போதும்."

"எழுதற வேகம் எவ்வளவுங்க?"

அவர் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார். அது கார்டிலிருந்து படத்தைப் படித்தெடுக்கும் வேகம். கேமராவிலிருந்து படம் கார்டுக்குள் போய் இறங்கும் வேகத்தை யாரும் அப்படிப் பெரிதாகப் போடுவதில்லை; எங்காவது மூலையில் சின்னதாக இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. வேறு கேட்டேன். முகம் சுளித்தார். சுளிக்கட்டும். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது பென்னாகரத்தில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதாக வந்த கார்டு தேறியது. உறையைக் கத்தரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை ஒன்று வந்தது பாருங்கள், அது என்னை நேரே பென்னாகரத்தில் நான் வேலை பார்த்த மாதப்பன் அண்ணனின் ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோய் விட்டது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்திருந்த சமயம். அங்கே கேமரா பிடித்த ஒரே பெண் நான். கல்யாணத்துக்குப் போனால், கழுத்தில் கேமராவோடு நிற்கும் என்னிடமே "போட்டோகிராபர் எங்கம்மா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் நல்லவர், கார்டு விஷயத்தில் மட்டும் கல்நெஞ்சக்காரர். இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குவார். அதைப் போட்டுத் தொடர்ந்து நாலைந்து படம் அழுத்தினால் கேமரா மூச்சு முட்டி நின்றுவிடும். பின்பக்கம் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். எடுத்ததையெல்லாம் கார்டு விழுங்கி முடிக்கும்வரை அடுத்த படம் கிடையாது. வேகமான கார்டு கேட்டால், "கார்டுக்கு என்னம்மா வேகம்? அது என்ன பஸ்ஸா?" என்பார்.

சரி, பஸ்ஸை வைத்தே காட்டிவிடலாம் என்று என் சம்பளத்தில் ஒரு நல்ல கார்டு வாங்கிவந்து கடை வாசலில் நின்றேன். ஒகேனக்கல் பஸ் வந்தது. பழைய கார்டில் பஸ்ஸின் மூஞ்சி மட்டும் விழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தபோது தெருவில் புழுதிதான் இருந்தது. அடுத்த பஸ்ஸுக்குப் புதுக் கார்டு. மூஞ்சி, டிரைவர், ஜன்னலோரத் தலைகள், படியில் தொங்கிய கண்டக்டர், பின்னாலிருந்த ஏணி என்று எல்லாம் வரிசையாக விழுந்தன. அண்ணன் பார்த்துவிட்டு, "கண்டக்டரு கண்ண மூடிட்டாரு" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

அந்தக் கார்டோடுதான் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவுக்குப் போனேன். மேடையை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சால்வை, கைகுலுக்கல், மறுபடி சால்வை. எத்தனை சால்வையைத்தான் எடுப்பது? பெண்கள் ஓட்டம் தொடங்கியதும், ஓட்டம் முடியும் சுண்ணாம்புக் கோட்டருகே போய் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன்.

வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த அலமேலு, வெறுங்காலோடு முதலில் ஓடி வந்தாள். மைக்கில் முதல் பரிசுக்கு வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அன்றைய கோப்பைகளை வாங்கிக் கொடுத்திருந்தவரின் மகள் அவள். அலமேலு மூச்சு வாங்க, "நாந்தாங்க சார் மொதல்ல வந்தன்" என்றாள். யாரும் திரும்பவில்லை.

கேமராவில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஒன்றில் நாடா அலமேலுவின் நெஞ்சில் ஒட்டியிருந்தது. மற்றவள் ஒரு கை தூரம் பின்னால். விளையாட்டு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"ஏம்மா, மேடைய எடுக்கத்தான கூப்புட்டோம்? அத அழிச்சிருங்க. எதுக்கு வீண் பிரச்சன?"

"மாட்டங்க சார்."

"அழிங்கன்னா அழிங்களேன்!"

"நான் பாத்தத நீங்களும் பாத்துட்டீங்க. இனிமே கார்டுல அழிச்சு என்னங்க ஆவப் போவுது?"

அவர் முன்னாலேயே அலமேலுவைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். "என் சடை எப்படிப் பறக்குது பாருங்கக்கா" என்று சிரித்தாள்.

நான் ஸ்டூடியோவுக்கு வருவதற்குள் அண்ணனுக்குப் போன் போயிருந்தது. "ஸ்கூலு ஆர்டரு போச்சேம்மா" என்றார்.

"போனாப் போவட்டும்ணா."

கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு ஷோகேஸில் தொங்கிய ஒரு மாப்பிள்ளையைக் கழற்றி வைத்துவிட்டு, "பெருசாப் போடு" என்றார்.

கோப்பை கைமாறவில்லை. அந்தப் பள்ளி எங்களை மறுபடி கூப்பிடவும் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஊருக்குப் போகும் நாட்களில் அலமேலுவும் வந்து, தன் படத்துக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்பாள். "நீதானா பாப்பா?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, மொதல்ல வந்தது நாந்தான்" என்பாள். கோப்பைகளை வாங்கிக் கொடுத்தவரும் அந்த வழியாகத்தான் போய் வந்தாக வேண்டும்.

இப்போது அந்த ஸ்டூடியோ இல்லை. ஷோகேஸ் இருந்த இடத்தில் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி. உள்ளே தேங்காய் பன். மாதப்பன் அண்ணனும் போய்விட்டார். கேமரா தூக்கி வரும் ஆளுக்காக எந்த மைதானமும் காத்திருப்பதில்லை. நேற்று புதுக் கார்டோடு ஒரு பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். கோட்டருகே எனக்கு உட்கார இடமில்லை. அம்மாக்கள் தோளோடு தோள் இடித்தபடி போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள்.

"கொஞ்சம் பின்னால போங்கம்மா, பரிசு குடுக்கறப்ப மேடையில வந்து எடுத்துக்கலாம்" என்று மைக்கில் ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒருத்தியும் நகரவில்லை.