ஐந்து வெற்றியும் ஒரு குத்தும்

“ஆக்ரோஷமான வீராங்கனை. ஐந்து போட்டி, ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை” என்று குத்துச்சண்டைப் போட்டிக்கான சிறு புத்தகம் அவளை அறிமுகப்படுத்தியது. எண்களில் பிழையில்லை. ஆக்ரோஷம் மட்டும் யாருடைய கண்டுபிடிப்பு என்று தெரியவில்லை.

அவளுடைய எடைப்பிரிவுக்கு ஆள் கிடைப்பதே அபூர்வம். பெயர் கொடுத்தவளும் எடை பார்க்கும்போது அரைக் கிலோ கூடிப்போய்க் கழன்றுகொள்வாள். இல்லையென்றால் காய்ச்சல் வந்துவிடும். எதிராளி வராவிட்டாலும் சடங்கு மாறாது. கையுறை, தலைக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மேடையேறி நடுவில் நிற்க வேண்டும். நடுவர் கையைப் பிடித்து உயர்த்துவார். இறங்கிவிடலாம். ஐந்து வெற்றியும் இப்படி வந்தவைதான். எதற்கும் வியர்க்கவில்லை.

பகலில் அவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. பிளாஸ்டர் அச்சின்மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நிறுத்துவாள். “நீ சாயங்காலம் நல்லா அடிச்சாத்தானே நமக்குக் காலையில வேலை வரும்” என்பது முதலாளிக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை. வாரம் மூன்று முறை சொல்வார்.

பயிற்சியில் எல்லோரும் அவளைவிடக் கனமானவர்கள். பாவம் பார்த்துத் தட்டுவார்கள். அதுதான் அவளை அரித்தது.

“நிஜமா ஒருத்தி குத்த வந்தா கண்ண மூடிக்குவேனோன்னு இருக்குக்கா. மூடிட்டா இதோட விட்டுடுவேன்.”

“ஊசி போடறப்பவே மூடிக்கிறவதானே நீ” என்றாள் அக்கா, துணி மடித்தபடி.

“ஆறுதலா ஒண்ணு சொல்லக்கூடாதா?”

“நீ ஆறுதல் கேட்ட மாதிரி தெரியல.”

ஆறாவது போட்டிக்கு எதிராளி வந்துவிட்டாள். சரியான எடை, காய்ச்சலும் இல்லை. சந்தையில் பெட்டி சுமக்கிறவளாம். தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

பெயரைக் கூப்பிட்டதும் நம்மவள் மேடையேறினாள். பழக்கதோஷம், நேராக நடுவில் போய் நின்று நடுவரிடம் வலது கையை நீட்டினாள்.

“என்னம்மா?”

“தூக்கணும்ல, சார்.”

“அது கடைசியிலம்மா. அதோ நிக்குதே அந்தப் பொண்ணு, முதல்ல அதுகூடச் சண்டை போடணும்.”

அரங்கமே சிரித்தது. அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. எதிராளியும் சிரித்தாள், அவளுடைய பல் காப்பு ஒரு பக்கம் தூக்கியிருப்பதை நம்மவள் தொழில்முறையாகக் கவனித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. அரை நிமிடத்துக்குள் முதல் குத்து மூக்கில் இறங்கியது. அது கிளம்பிய இடம், வந்த வழி, கையுறைத் தையலில் பிரிந்திருந்த நூல் வரை எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது, மூச்சு இடறியது, கூடவே மனசிலிருந்து ஏதோ இறங்கிப்போனது. அதன் பிறகுதான் அவளுக்குக் கையைத் தூக்கி அடிக்கத் தோன்றியது.

எல்லாம் முடிந்தபின் அக்கா அவள் மூக்கில் ஐஸ் வைத்து அழுத்தினாள்.

“முதல் குத்து வர்றது தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுதுக்கா.”

“பின்ன நகர வேண்டியதுதானே?”

“சந்தோஷத்துல பாத்துட்டே நின்னுட்டேன்.”

மூன்று சுற்றும் முழுதாக ஆடினாள். பதினான்கு குத்து கொடுத்தாள், இரண்டு மடங்கு வாங்கினாள், தோற்றாள். ஒருமுறையும் கண்ணை மூடவில்லை.