இடது மட்காட்டில் ஒரு பள்ளம்

அப்பா விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். கூரை கிடையாது, பின்சீட் கிடையாது, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஈப்போ சிலிபினில் எங்கள் பலகை வீட்டு வாசலில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே அது நின்றது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று அப்பாவின் காதுபடவே நான் சொல்லியிருக்கிறேன். அவர் துடைக்கிற துணியை உதறிவிட்டு மறுபடி துடைக்கப் போய்விடுவார்.

அது அசல் கார் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். பழைய சாதாரண காரின் சட்டத்தின் மேல், அசலைப் போலவே பைபரில் உடம்பு செய்து மாட்டியிருந்தது. அப்பா ரப்பர் தோட்டத்தில் துரைக்கு டிரைவராக இருந்தவர். துரையிடம் அந்த அசல் இருந்தது. எசமான் காரை ஓட்டி ஓட்டி ஆசை முற்றிப்போய், மனிதர் தனக்கும் ஒன்று செய்துகொண்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்கு அது வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரில் வந்து நிற்காதீர்கள் என்று ஒரு நாள் சொன்னேன். அதன் பிறகு சைக்கிளில்தான் வந்தார்.

எண்பதுகளின் நடுவில் அப்பா இறந்தார். மறு வருடம் எனக்குக் கோலாலம்பூருக்கு வேலை மாற்றம் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாலாவது மாடி வீட்டுக்குப் போக வேண்டும். கார் எதற்கு, விற்றுவிடலாம் என்றேன். "ஒன் இஷ்டம்," என்றாள் அம்மா.

அம்மா அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் வைப்பது அவள்தான். மற்றவர்கள் வண்டியின் முகப்பில், நடுவில் வைப்பார்கள். அம்மா முன்சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் இடது மட்காட்டில், விளக்குக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த பள்ளத்தில் வைப்பாள். சக்கரத்துக்கு அடியில் காவாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு லாரிக்காரர் ஒரு வருடம் நாலு பழத்தோடு வந்தபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் காடிக்குக் காவு வேணாம்ணே," என்றார். நாலு எலுமிச்சம்பழத்தில்கூடவா கஞ்சத்தனம் என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

காரைக் கேட்டு வந்தவர் தைப்பிங்கில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த தமிழர். பழைய கார்களின் மேல் பைத்தியம். அரை மணி நேரம் குனிந்து, நிமிர்ந்து, தட்டிப் பார்த்தார். இடது மட்காட்டில் வந்து விரல் நின்றது.

"அக்கா, பைபர் இப்படி நசுங்காது. இடிச்சா வெடிச்சுரும். இந்தப் பள்ளம் அச்சுலயே இருந்துருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அசல் காரின் மேல் மெழுகு தடவி, அதன் மேல் பைபர் ஒட்டி அச்சு எடுப்பார்களாம். அசலில் என்ன இருக்கிறதோ அது அப்படியே நகலில் வந்துவிடும். துரையின் காரில் பள்ளம் இருந்தபோது யாரோ அச்சு எடுத்திருக்கிறார்கள்.

"யாரு செஞ்சதுன்னு விசாரிச்சுச் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். கதை தெரிஞ்சு வாங்கணும் லா. அப்படியே அந்தப் பள்ளத்தையும் எடுத்துட்டா காடி அழகா இருக்கும்," என்றார்.

சிலிபின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் முன்மூடியைத் தூக்கிப் பார்த்து, உள்பக்கம் பூசியிருந்த பச்சைச் சாயத்தைச் சுரண்டினார். படகுக்கு அடிக்கிற சாயமாம், இது படகு கட்டுகிறவன் கைவேலை என்றார். எனக்கு உடனே முறுக்கு டின் ஞாபகம் வந்தது. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா ஒரு டின் முறுக்கைப் பாகான் டத்தோவில் ஒரு சீனத் தவுக்கேக்கு அனுப்புவார். அவர் ஒரு படகுப் பட்டறையின் முதலாளி. மறுநாள் சனிக்கிழமை. பள்ளத்தை எடுத்துவிடுங்கள் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு, காலையில் பஸ் ஏறினேன்.

தவுக்கேக்கு எழுபது வயது இருக்கும். இன்னார் மகள் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மலாயில்தான் பேசினார். துரை லீவில் சீமைக்குப் போயிருந்த சமயமாம். திரும்பி வருவதற்குள் காரைத் தட்டிச் சீராக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா ஈப்போவுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் இங்கே ஓட்டிவந்து, அச்சு எடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார்.

"மட்காட்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார். எடுப்பது எடுக்கிறோம், முழுக் காரையும் எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். பள்ளத்தை முதலில் அடைக்கவா என்றேன். கூடாது என்றார். அந்த இடத்துக்கு மெழுகு தடவ என்னை விடவில்லை. தானே தடவினார். தடவிக்கொண்டே அழுதார்."

ஏன் என்று கேட்டேன். தவுக்கே என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உன் தம்பி அடிபட்ட இடம் அல்லவா? உனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயது. நான் சிலிபினில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், காய்ச்சலில் போய்விட்டான் என்று சொன்னார்கள். நான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அப்பாவும் அம்மாவும் சிலிபினுக்குக் குடிவந்தார்கள். அவனைப் போட்டோ எடுத்ததில்லை. தீபாவளிக்கு டவுனுக்குப் போய் எடுக்கலாம் என்று இருந்தோம்.

மீதியையும் தவுக்கேதான் சொன்னார், அப்பா அவரிடம் சொன்னபடி. பால்வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். அம்மாவும் அப்படித்தான் அவனை விட்டிருந்தாள். துரை இல்லாத நேரங்களில் அப்பா அவனைத் தூக்கி மடியில் வைத்துக் கொட்டகையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் ஓட்டுவாராம். அதனால் அந்தக் காரின் சத்தம் கேட்டாலே பிள்ளை ஓடிவந்துவிடுவான். அன்றைக்கும் ஓடிவந்திருக்கிறான். ஓட்டியது அப்பா. பக்கத்தில் துரை.

முறுக்கு நன்றாக இருக்கும், அம்மாவிடம் சொல் என்றார் தவுக்கே. பஸ் தெலுக் இந்தான் தாண்டும்போதுதான் பட்டறை ஞாபகம் வந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று வாய்விட்டே சொல்லியிருப்பேன் போல, பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பட்டறையில் கார் பளபளவென்று நின்றது.

"பாருங்கக்கா, எங்க இருந்துச்சுன்னே தெரியல லா!" என்றார் பட்டறைக்காரர் பெருமையாக. பள்ளத்தை அப்படியே அறுத்தெடுத்துவிட்டுப் புது பைபர் வைத்து ஒட்டியிருந்தார். அறுத்த துண்டு எங்கே என்றேன். மத்தியானமே குப்பையோடு எரித்துவிட்டாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அழுதேன். வேலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் பயந்துபோனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "காய்ச்சல்னு ஏம்மா சொன்ன?"

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பான்னா ஒனக்கு அப்ப உசிரு. அவருக்குப் புள்ள போயிட்டான். நீயும் வெறுத்துட்டா அந்த மனுசன் எப்படி இருப்பாரு? லயத்துல எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், அவகிட்ட மட்டும் சொல்லாதீங்கன்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும், ஒரு லயமே சேர்ந்து எனக்காக மறைத்திருக்கிறது. நான் அவரை வெறுக்கக் கூடாது என்றுதான் மறைத்தார்கள். காரணம் தெரியாததால்தான் நான் அவரை ஏளனம் செய்து வளர்ந்தேன். சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்ற அப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

பள்ளத்தை எடுத்துவிட்டேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. காலையில் கார் வந்ததும், விற்பதற்கு முன் கடைசித் தடவையாக, அம்மா குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். விரல் மட்காட்டில் தேடியது. விளக்கைத் தொட்டு, திரும்பி வந்து, மறுபடி தேடியது. நான் பின்னால் நின்றுகொண்டு, "நாந்தாம்மா," என்றேன். அம்மா திரும்பவில்லை. கையைத் தன் தொடைக்குப் பக்கத்தில் இறக்கி, மூன்று வயதுப் பிள்ளையின் தோள் எங்கே இருக்குமோ அங்கே நிறுத்தி, அந்த உயரத்தில் மட்காட்டின் மேல் பொட்டு வைத்தாள்.

"விக்க வேணாம்மா," என்றேன்.

"அதான் போயிருச்சே. இனி இது வெறும் காடிதான். குடுத்துரு."

அடுத்த ஞாயிறு தைப்பிங்காரர் வந்தார். யார் செய்தது என்று கேட்டார். பாகான் டத்தோ படகுப் பட்டறை என்று மட்டும் சொன்னேன். கிராண்டில், அந்த உரிமைப் பத்திரத்தில், கையெழுத்து ஆனதும் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

அம்மா விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். முழங்காலில் உட்கார்ந்து நாலு பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்கு வேணாம்ப்பா," என்றாள். "ஏற்கெனவே ஒன்னு குடுத்துட்டோம்."