கண்ணைப் பார்த்துச் சாறு ஊற்றுபவர்

காலை ஆறு நாற்பதுக்கு, ஆவடி பூங்கா வாசலில் மூலிகைச் சாறு விற்பவர் என் மகளுக்கு டம்ளரைத் தர மறுத்தார். ஒல்லியான மனிதர். யாருக்கு ஊற்றும் முன்னும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொல்லிக் கண்ணைப் பார்ப்பார். நடக்க வருகிறவர்கள், “எங்களுக்கு ஃபீஸ் எவ்ளோ டாக்டர்?” என்று கிண்டலடிப்பார்கள்.

“கண்ணு மஞ்சளா கீதே பாப்பா. வேற இன்னா சாப்டுற?”

மகள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவரது சாறு வண்டிமேல் வைத்தாள். உடம்பு இளைக்க ஆன்லைனில் வாங்கிய கொடம்புளி மாத்திரை. ஒரு மாதமாக விழுங்குகிறாளாம், எனக்குத் தெரியாது. குண்டாகிவிட்டாய் என்று தினமும் சொன்னவன் நான்தான்.

“இதுவும் மூலிகைதானே அங்கிள்?”

“நான் ஒரு பிடி இலைய அரைச்சு ஊத்துறேன். அவன் ஒரு கூடைய காய்ச்சி ஒரு மாத்திரைல அடைக்கிறான். சார், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ.”

ஆஸ்பத்திரியில் சோதித்ததில், கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. என்ன மாத்திரை என்று மருத்துவர் கேட்டபோதுதான் டப்பாவைச் சாறு வண்டியிலேயே விட்டுவந்தது தெரிந்தது.

வியாபாரத்தை விட்டுவிட்டு, எத்தனை மருத்துவமனைகளில் எங்களைத் தேடினாரோ. பத்து மணிக்கு டப்பாவோடு வார்டு வாசலில் வந்து நின்றார்.

“டாக்டராண்ட காட்டு சார். கொழந்த தேறி வந்தாலும் நம்ம சாறு வேணாம். சும்மா நடக்கட்டும்.”