மாமியாரின் காலும் என் டிப்ளமோவும்

மாமியாருக்குக் கால் பிடித்துவிடச் சான்றிதழ் தேவையில்லை. ஊராருக்குப் பிடித்துவிடத்தான் கேட்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மா தன் கிளினிக்கின் பின்பக்க அறையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, அக்குபிரஷரில் டிப்ளமோ வாங்கியிருக்க வேண்டும். கிடைத்தால் சொந்தச் சம்பாத்தியம். கிடைக்காவிட்டால் வழக்கம்போல அடுப்படி.

சேலத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் அந்தப் படிப்பு நடந்தது. சீனா, ஜப்பான், தாய்லாந்து என்று பாதி ஆசியாவைப் பாடத்திட்டத்தில் அடைத்திருந்தார்கள். சொல்லித்தந்தவர் ஆத்தூரைத் தாண்டியிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். பாதத்தில் எந்த இடம் வலிக்கிறதோ, அந்த இடத்துக்குரிய உறுப்பில் கோளாறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வித்தை. செய்முறைத் தேர்வுக்கு ஆளை நாமே கூட்டிப்போக வேண்டும். "நாலு பேரு முன்னாடி காலை நீட்டிக்கினு படுக்கணுமா?" என்று கணவர் நழுவிவிட்டார். மூட்டுவலிக்காரரான மாமியாரைத்தான் சேலத்தில் புடவை எடுத்துத் தருவதாக ஆசை காட்டிக் கிளப்பினேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம். சின்னசேலத்துக்குக் கொஞ்சம் முன்னால் புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் அதோடு நின்றுவிட்டது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பையன்கள் எங்கே போகிறோம் என்று விசாரித்தார்கள்.

"இவளுக்குப் பரீட்சை. கால் அமுக்குற பரீட்சை," என்றார் மாமியார்.

"அதுக்குமா சர்டிபிகேட்டு? அதுல நமக்கு எவ்ளோ எடம்னு கேட்டுக்கினு வா ஆயா," என்றான் ஒருவன்.

"யாருடா ஆயா?" என்று மாமியார் எகிறினார். சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். ரயிலைப் பிடிக்கச் சின்னசேலம் வரை நடந்தோம். நடுவில் மாமியாரின் செருப்பு வார் அறுந்தது. திரும்பிவிடலாம் என்றேன். "மரத்தையே தாண்டியாச்சி, இனிமே இன்னாத்துக்குத் திரும்பணும்? நட," என்றார். மீதி வழியை வெறுங்காலோடு, என் பிறந்த வீட்டைத் திட்டிக்கொண்டே கடந்தார்.

தேர்வுக் கட்டிலில் படுக்கவைத்துக் காலைப் பார்த்தபோது எனக்கே பகீரென்றது. குதிகாலெல்லாம் கொப்புளம். மெதுவாக அழுத்தினேன்.

"வலிக்குதா அத்தை?"

"இல்லியே."

விரலடி, நடுப்பாதம், குதிகால். எங்கே தொட்டாலும் இல்லை. போதாததற்குத் தேர்வாளரிடம், "எம் மருமவ கை பூ மாதிரிங்க," என்றார். அந்த மனிதருக்கு நம்பிக்கை வரவில்லை. தன் மரக்குச்சியால் கொப்புளத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அழுத்து அழுத்தினார். மாமியாரின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "சொகமா இருக்குதுங்க," என்றார்.

தேர்வாளர் என்னை மட்டும் கதவோரம் தனியாக அழைத்தார். "இந்தம்மாவுக்கு எங்கயுமே வலி இல்லையாம். நீங்க எதைக் கண்டுபிடிப்பீங்க? அடுத்த தடவை ஒரு நோயாளியைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா."

கிளினிக் அறை கைநழுவிப் போயிற்று. படியிறங்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கீழே போனதும் நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்த அவரே முந்திக்கொண்டார்.

"நோவுதுன்னு ஒரு வார்த்தை சொன்னனா பாத்தியா? சொன்னா ஒனக்குக் கை சரியில்லன்னு பெயிலாக்கிடுவான். பல்லைக் கடிச்சிக்கினு கெடந்தேன். இன்னாடி, பாஸா?"

நான் வந்த நாளாக என் ரசத்தைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாதவர்.

"பாஸ் அத்தை," என்றேன்.

பாத்திரக்கடை வாசலில் தொப்பென்று உட்கார்ந்து, காலை என் பக்கம் நீட்டினார். "அப்ப இதைக் கொஞ்சம் பாருடி. உயிரு போவுது."

அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைவீதி என்றும் பார்க்காமல் அழுதேன்.

"பாஸானவ எதுக்குடி அழுவுற?" என்றார்.