ஒன்று பத்துக்கு நின்ற ஏசி

குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகனாக இருந்தேன். அடுத்தவர் செய்த பொருளைக் கையில் எடுத்து, அளந்து, தட்டிப் பார்த்து, சரியில்லையென்றால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ளி வைப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. சாம்பாரில் உப்பு, தெருவில் புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலை, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவின் சுருதி என்று எதையும் நான் சும்மா விட்டதில்லை. "உங்ககிட்ட என்னைக்காவது ஒரு பொருள் பாஸ் ஆகியிருக்கா?" என்று என் மனைவி கேட்பாள். அவளை மட்டும் பாஸ் செய்துதான் கல்யாணம் கட்டினேன் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டோம். மாடியில் ஒரே ஓர் அறை. எங்கள் ஒரே மகள் கல்யாணத்துக்கு முன்பு படுத்திருந்த அறை அது. மேற்கு வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான் இறங்கும். அவள் நசரத்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போய், மறு வருஷமே உண்டாகியிருக்கிறேன் என்று சொன்னதும், பிரசவத்துக்கு வரும்போது வசதியாக இருக்கட்டும் என்று அங்கே ஒரு ஏசி மாட்டினோம். அதன் வெளி எந்திரம், எல்லாரும் அவுட்டோர் என்று சொல்வது, அறைக்கு வெளியே மொட்டை மாடியில் உட்கார்ந்தது.

அந்த அவுட்டோர் வெட்டவெளியில் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மேலே வெயில், பக்கத்துத் தெருவில் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சு வேறு. பொங்கல் கழிந்ததும் நானே பேப்பரில் படம் போட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி வாங்கி வந்து, ஸ்க்ரூ முடுக்கி ஒரு கூண்டு செய்தேன். மேலே கூரை, மூன்று பக்கமும் தகடு, முன்னால் கோடு கோடாகத் திறந்த தகடு, பக்கத்தில் பூட்டோடு ஒரு சின்னக் கதவு. தொழிற்சாலையில் அடிக்கிற அதே பச்சை வண்ணம். கூட வேலை பார்த்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "ரிட்டயர் ஆனாலும் கை மறக்கல" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் ஏசி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் போட்டால் அறை ஜில்லென்று இருக்கும். மதியம் ஒரு மணி தாண்டியதும் வெளியே எந்திரம் கடகடவென்று அடங்கும். உள்ளே காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும், குளிர் இருக்காது. சாயங்காலம் மறுபடி ஒன்றும் நடக்காதது போல் ஓடும். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்தேன். ஒன்று பத்து, ஒன்று பதினைந்து, மறுபடி ஒன்று பத்து.

முதலில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாயில் எப்போதும் ஏலக்காய். சாவியை வாங்கிக் கூண்டைத் திறந்து ஒரு நிமிடம்தான் பார்த்தார்.

"நைனா, கேஸெல்லாம் கரீட்டா கீது. இத்த இன்னாத்துக்கு ஜெயில்ல போட்டு வெச்சிகீற? மெசினு மூச்சு வுட வேணாவா? கூண்ட கயட்டிப் போடு, அது பாட்டுக்கு ஓடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முப்பத்திரண்டு வருஷம் ராணுவத்துக்குப் பொருள் பாஸ் பண்ணவன்கிட்ட வந்து கூண்டைக் கழட்டுன்னு சொல்றியா? எந்திரத்தைப் பார்க்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போ" என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி நைனா, உன் ஊடு, உன் இஷ்டம்" என்று படி இறங்கிப் போய்விட்டார்.

அப்புறம் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் கேஸ் குறைவு என்று நிரப்பினார். மற்றவர் உள்ளே ஏதோ போர்டு போய்விட்டது என்று மாற்றினார். இருவருமே என் கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் இருவருமே நல்ல வேலைக்காரர்கள் என்று நினைத்தேன். ஏசி மட்டும் ஒன்று பத்துக்கு நின்றது.

இதற்கிடையில் மகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி எடுத்து, பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, மற்றபடி நலம். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தான் வர வேண்டும். என் மனைவி ஏழு மாதமாக அதற்கென்றே வாழ்ந்தாள். பழைய வேட்டிகளையெல்லாம் கிழித்துத் துவைத்து அடுக்கியிருந்தாள். சாம்பிராணிக்கு மூடி போட்ட சட்டி வாங்கினாள். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடிக்கச் சொல்லி என்னை மூன்று தடவை ஏணியில் ஏற்றினாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தி அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் சண்டைக்காரி அல்ல, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. உங்க வீட்ல ஏசி மத்தியானத்துல நின்னுடுதாமே. மாடி ரூம் வேற. புள்ள சின்னதா பொறந்திருக்கு. கத்திரி ஆரம்பிக்கப் போவுது. தாயும் புள்ளயும் எங்க வீட்டுக்கே வரட்டும், வெயில் இறங்கினதும் ஜூன் கடைசில அனுப்பிடறோம்."

அவர் சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி வீடு வரைக்கும் ஆட்டோவில் வெளியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அடுக்கி வைத்த துணியை எடுத்து மறுபடி துவைக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மதியம் நோட்டோடு மாடிக்குப் போனேன். கூண்டின் கதவு திறந்திருந்தது. என் மனைவி அதற்குள்ளிருந்து குழந்தைத் துணிகளை உருவி உருவிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூண்டின் உள்பக்கச் சட்டத்தில் வரிசையாகத் துணி தொங்கியது. எனக்கு வந்ததே கோபம்.

"இதான் விஷயமா! எந்திரத்து மேல துணியைப் போட்டு அடைச்சு வச்சுட்டு, நான் ஊர்ல இருக்கிற மெக்கானிக்கையெல்லாம் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் துணி போடறது நேத்து சாயங்காலத்துலேருந்து. உங்க மெஷின் ஒரு மாசமா நிக்குது" என்றாள். அப்புறம் ஒரு துணியை என் கையில் திணித்தாள். "வெளிய கொடியில போட்டா முக்கா மணி நேரம் ஆவுது. இதுக்குள்ள பத்தே நிமிஷம். மொறமொறன்னு காஞ்சிடுது, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். சுடச்சுட இருந்தது. இஸ்திரி போட்ட துணி கூட அவ்வளவு சூடாக இருக்காது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இனிமேல் கூண்டில் துணி போடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை கூண்டில் ஒரு துணியும் இல்லை. மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்று பன்னிரண்டுக்கு அது கடகடவென்று அடங்கியது. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. எழுந்து போய்ப் பூட்டைத் திறந்து கையை உள்ளே விட்டேன், விட்ட வேகத்தில் வெளியே எடுத்தேன். அந்த எந்திரம் அறையிலிருந்த சூட்டை வெளியே தள்ளுகிறது. நான் போட்ட முன் தகடு அதை மறித்துத் திருப்பி விடுகிறது. தள்ளிய சூட்டையே அது மறுபடி மறுபடி உள்ளே இழுத்து, தாங்க முடிகிற வரை தாங்கி, வெயில் உச்சிக்கு வரும்போது நின்றுவிடுகிறது. மெக்கானிக் ஒரே நிமிடத்தில் சொன்னது இதைத்தான். என் மனைவியின் கையில் பத்து நிமிடத்தில் காய்ந்த துணி சொன்னதும் இதைத்தான்.

தொழிற்சாலையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பொருளைச் செய்தவர் அதைப் பரிசோதிக்கக் கூடாது. செய்த கைக்குத் தன் குறை தெரியாது என்பதால், முத்திரை வேறொருவர்தான் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்த எத்தனையோ பேரை இந்த விதிக்காக நான் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். இந்தக் கூண்டை நானே செய்தேன், நானே பாஸ் செய்தேன். குறை சொல்ல வந்த ஒரே ஆளைப் படியிறக்கி அனுப்பினேன். அந்த வெயிலில் நின்றுகொண்டு எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

கீழே போய்ச் சிவப்புச் சாக்பீஸைத் தேடி எடுத்து வந்தேன். பச்சைத் தகட்டின் நடுவில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்த என் மனைவி படியிலேயே நின்று பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "ஸ்க்ரூ டிரைவர் எடுத்தாரட்டா?" என்று மட்டும் கேட்டாள். இருவருமாக முன் தகட்டையும் பக்கத் தகடுகளையும் கழற்றினோம். வெயில் படாமல் கூரை மட்டும் இருக்கட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதையும் கழற்றிவிட்டேன்.

அப்புறம் தெருமுனைக்குப் போனேன். மெக்கானிக் ஒரு பழைய ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க சொன்னதுதான் சரி. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க, நாளன்னிக்கு என் பேத்தி வரணும்."

அவர் ஏலக்காயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பேத்தியா? அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா நைனா?" என்று பையை எடுத்துக்கொண்டு என் கூடவே வந்துவிட்டார். தண்ணீர் பீய்ச்சி அவுட்டோரைக் கழுவி, சூட்டில் இளகியிருந்த ஒரு ஒயரை மாற்றிக் கொடுத்தார். கழற்றிக் கிடந்த தகடுகளைப் புரட்டிப் பார்த்து, "வேல சுத்தமாத்தான் கீது. எடம்தான் தப்பு" என்றார். அன்றைக்கு எனக்கு அந்தப் பாராட்டு தேவையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சம்பந்தி அம்மாவுக்கு போன் போட்டு, மதியம் ஒரு மணிக்கு வந்து மூன்று மணி வரைக்கும் அந்த அறையில் இருந்து நீங்களே பாருங்கள் என்றேன். நான் பார்த்துச் சொன்னால் அது செல்லாது என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அவர் வந்தார். என் மனைவி மோர் கொடுத்து மகளின் கட்டிலில் உட்கார வைத்தாள். நான் வெளியே அவுட்டோர் பக்கத்தில் நின்றேன். ஒன்று பத்து ஆனது. ஒன்று இருபது. என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. எந்திரம் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் எந்தச் சத்தத்தையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு மெதுவாகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். பரிசோதிக்க வந்த சம்பந்தி அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உறங்கிய மனுஷி. என் மனைவி ஒரு போர்வையை எடுத்து அவர் காலை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கு எழுந்தவர் வெட்கத்தோடு தலையை அள்ளி முடிந்துகொண்டார். "இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க அண்ணே. நானும் அப்பப்ப வந்து இங்க ஒரு தூக்கம் போட்டுட்டுப் போறேன்" என்றார். என் மனைவி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். வாசலில் ஆரத்தி எடுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, குழந்தையை மாடிக்குக் கொண்டுபோனோம். குழந்தை என் முழங்கை நீளம்கூட இல்லை. மதியம் சாப்பிட்டு எல்லாரும் ஓய்ந்த பிறகு, நான் வழக்கம்போல் நோட்டோடு அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒன்று பத்து தாண்டியது. இரண்டு தாண்டியது. கதவு கொஞ்சம் திறந்து மகள் தலையை நீட்டினாள். சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"அப்பா, ரொம்பக் குளுருதுப்பா. பாப்பா காலெல்லாம் ஜில்லுனு இருக்கு. கொஞ்சம் குறைங்க."

எழுந்து போய்க் குறைத்தேன். அவள் சொன்ன குறையை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவளிடம் பேனாவைக் கொடுத்தேன்.